மருமகனுக்கு மோட்டார் சைக்கிள்: சாவியைக் கொடுப்பதற்கு முன் நாம் செய்ய வேண்டியவை எவை?

கோண்டாவில் மாமா எழுதியது:

உறவுகள் அனைவருக்கும் வணக்கம். என் அக்காவின் மகன் இவ்வாண்டு உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டான். சென்ற மாதம் அவனுக்கு 18 வயது நிறைந்தது. பரீட்சை முடிந்ததும் 150 சீசீ மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கித் தருவதாகக் கனடாவில் இருக்கும் அவனுடைய பெரியப்பா முன்பே வாக்குக் கொடுத்திருந்தார். அதற்கான பணமும் வந்து சேர்ந்துவிட்டது. அத்தான் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டதால், வாங்குவதா வேண்டாமா, வாங்கினால் எப்படி ஓட்டவிடுவது என்ற முடிவை அக்கா என்னிடமே விட்டுவிட்டார்.

எழுத்துப் பரீட்சையில் அவன் சித்தியடைந்துவிட்டான். இப்போது எல் போட்டுடன் பழகுகிறான். ட்ரயல் (வீதியில் ஓட்டிக் காட்டும் பரீட்சை) விரைவில் வரும். என் கவலை ட்ரயல் பற்றியதன்று. அதில் அவன் நிச்சயம் தேறிவிடுவான். பதினைந்து வயதிலிருந்தே ஒழுங்கைகளில் நண்பர்களின் ஸ்கூட்டியை ஓட்டியிருக்கிறான் என்பதை நான் அண்மையில்தான் அறிந்தேன். ஓட்டத் தெரியும் என்ற நம்பிக்கை அவனிடம் நிறைய இருக்கிறது. வீதியைத் தெரியும் என்று எனக்குத் தோன்றவில்லை. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு வாகனம் பழக்கியவர்கள், பழக்குபவர்கள், இழப்பைக் கண்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொன்னால் எங்கள் குடும்பத்துக்கு உதவியாக இருக்கும்.

சாவகச்சேரித் தந்தை எழுதியது:

ஐயா, என் கருத்து நேரடியானது: 21 வயது வரை வாங்கிக் கொடுக்காதீர்கள். எனக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். இருவரும் பஸ்ஸிலும் சைக்கிளிலும்தான் யாழ்ப்பாணம் சென்று படித்தார்கள். கண்டி வீதி காப்பெற் போட்ட வீதியான பின்பு கொடிகாமத்துக்கும் நாவற்குழிக்கும் இடையே டிப்பர்களும் ஹையேஸ் வான்களும் ஓடும் வேகத்தை நான் நாள்தோறும் காண்கிறேன். அந்த வீதியில் பிழை விடுவதற்கு இடமில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளை பிழை விடாமல் பழக முடியாது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விடை ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அனுமதிப்பத்திரம் இல்லாத பிள்ளைக்கு வாகனத்தைக் கொடுத்தால், ஓட்டியவர் மட்டுமன்றிக் கொடுத்தவரும் சட்டத்தின் முன் நிற்க வேண்டும் என்பதையும் பெற்றோர் பலர் உணர்வதில்லை. தண்டம் 25,000 ரூபாவில் தொடங்குகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், அத்தகைய விபத்துக்குக் காப்புறுதி நிறுவனம் இழப்பீடு மறுக்கக்கூடும். அடிபட்ட மற்றக் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்வது?

சுன்னாகம் பயிற்றுநர் எழுதியது:

வணக்கம். நான் சாரதிப் பயிற்சி அளிப்பதைத் தொழிலாகக் கொண்டவன். சாவகச்சேரி ஐயாவின் அச்சம் முற்றிலும் நியாயமானது. ஆனால் அவருடைய தீர்வில் எனக்கு உடன்பாடில்லை. தடுத்து வைக்கப்பட்ட பிள்ளை ஓட்டாமல் இருப்பதில்லை. தன் வாகனம் இல்லாததால் பிறருடையதை, தலைக்கவசம் இல்லாமல், பிரேக் எப்படி இருக்கிறது என்று தெரியாமல், வீட்டுக்குத் தெரியாத நேரத்தில் ஓட்டுகிறது. கோண்டாவில் மாமாவின் மருமகனே அதற்குச் சான்று. மேலும், 21 வயதில் முதன்முதலாகக் கைபிடியைத் தொடுபவனும் தொடக்ககாரன்தான். வயது கொஞ்சம் நிதானத்தைத் தரும். பழக்கத்தை வயது தராது.

என் தொழிலைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். பெரும்பாலான குடும்பங்கள் எங்களிடம் கேட்பது, "ட்ரயலில் பாஸ் பண்ண வைப்பீர்களா?" என்பதைத்தான். ட்ரயலில் பரிசோதகர் காண்பது சில நிமிட ஓட்டம். அன்று வெளிச்சம் இருக்கும், பிள்ளை பயந்து கவனமாக ஓட்டும், பின்னால் நண்பர் இருக்கமாட்டார், மழை பெய்யாது. அனுமதிப்பத்திரம் கையில் கிடைத்த மறுநாள் இவை எல்லாம் மாறிவிடும். ஆகவே உண்மையான பழக்கம் அதற்குப் பின்வரும் ஓராண்டில்தான் நடக்கிறது. அந்த ஓராண்டில்தான் பயிற்றுநரும் இல்லை, பெற்றோரும் இல்லை, பரிசோதகரும் இல்லை.

எங்கள் வீதிகளுக்கென்று சில பாடங்கள் உண்டு. அவற்றை எந்த வினாத்தாளும் கேட்பதில்லை. முன்பு சில ஒழுங்கை முகப்புகளில் தாழ்ந்த வேலி இருந்தது. அதற்கு மேலால் வருவது தெரியும். இன்று அங்கே ஏழடி மதில் எழுந்து நிற்கிறது. கே.கே.எஸ். வீதியிலோ பலாலி வீதியிலோ போகும் பிள்ளைக்கு ஒழுங்கையிலிருந்து எட்டிப் பார்க்கும் சைக்கிளின் முன்சில்லு மட்டும்தான் முதலில் தெரியும். முன்சில்லைக் கண்டவுடன் வேகத்தைக் குறைக்கப் பழக்க வேண்டும். ஆளைக் கண்ட பிறகு குறைக்க நேரம் இருக்காது. கோப்பாய், உரும்பிராய், நீர்வேலிப் பக்கங்களில் தோட்டத்திலிருந்து ஏறும் லான்ட்மாஸ்ரர் (இரு சில்லு உழவு இயந்திரம்) தன் சில்லோடு செம்மண்ணையும் வீதிக்குக் கொண்டுவருகிறது. வெயிலில் அது தூசி. ஐப்பசி மழையின் முதல் தூறலில் அது சவர்க்காரம். மழை நன்றாகப் பெய்து கழுவிய வீதியைவிட, தூறத் தொடங்கிய வீதிதான் பிள்ளைகளை விழுத்துகிறது.

இரவில் அதே லான்ட்மாஸ்ரரின் பெட்டிக்குப் பின்விளக்கு இராது. வீதியோரம் நிறுத்திய பட்டா லொறிக்கும் இராது. மாடுகளுக்கும் இல்லை. ஆகவே இரவில் எவ்வளவு வேகம் போகலாம் என்று பிள்ளைகள் கேட்டால், வீதிச் சட்டத்தில் எழுதிய எண்ணைச் சொல்லுவதோடு நான் நிறுத்துவதில்லை. உன் முன்விளக்கு காட்டும் தூரத்துக்குள் நிற்க முடிந்த வேகம் எதுவோ, அதுதான் உன் வேகம் என்பேன்.

பௌதிகவியல் ஆசிரியை எழுதியது:

பயிற்றுநர் ஐயா கடைசியில் சொன்னதற்குக் கணக்கு உண்டு. உயர்தர மாணவர்களுக்கு நான் இதை வகுப்பில் செய்து காட்டுவது வழக்கம். மருமகன் கணிதப் பிரிவாக இருந்தால் அவனே செய்து பார்க்கட்டும்.

ஆபத்தைக் கண்டு பிரேக்கைப் பிடிக்கத் தொடங்க ஒருவருக்கு ஒன்றரைச் செக்கன் ஆகிறது என்று கொள்வோம். உலர்ந்த வீதி, நல்ல ரயர், திறமையான பிரேக். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வருபவர் கண்ட இடத்திலிருந்து ஏறத்தாழ 35 மீற்றரில் நின்றுவிடுவார். 70 கிலோமீற்றரில் வருபவருக்கு ஏறத்தாழ 57 மீற்றர் வேண்டும். இதைக் கேட்டதும் மாணவர்கள், "இருபது மீற்றர்தானே வித்தியாசம்?" என்பார்கள். அடுத்த படியைச் செய்யச் சொல்வேன். முதலாமவர் முழுமையாக நின்றுவிடும் அந்த 35ஆவது மீற்றரில் இரண்டாமவரின் வேகம் என்ன? அவர் அப்போதுதான் பிரேக் பிடிக்கத் தொடங்கியிருப்பார். வேகம் இன்னும் மணிக்கு 60 கிலோமீற்றருக்கு மேல் இருக்கும். வீதியைக் கடந்த ஆட்டுக்கும் சிறுபிள்ளைக்கும் ஒருவர் தொடாமல் நிற்கிறார், மற்றவர் 60இல் மோதுகிறார். விடை கரும்பலகையில் வந்ததும் வகுப்பு அமைதியாகிவிடும்.

இன்னொன்று. மணிக்கு 50 கிலோமீற்றரில் மதிலில் மோதுவது ஏறத்தாழ 10 மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 70இல் மோதுவது 19 மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அது நன்றாக வளர்ந்த ஒரு பனையின் உயரம். பனையால் விழுந்தவனின் கதி எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சீவல் தொழிலாளி இடுப்பில் கயிறும் காலில் தளைநாரும் இல்லாமல் ஏறமாட்டார். எங்கள் பிள்ளைகள் அதே உயரத்தில் சேட்டின் மேல் பொத்தானைத் திறந்துவிட்டு இருக்கிறார்கள்.

கைப்பேசியை இரண்டு செக்கன் பார்த்தால் 50 கிலோமீற்றர் வேகத்தில் ஏறத்தாழ 28 மீற்றரைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததாகும். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை.

விபத்துப் பிரிவுத் தாதி எழுதியது:

நான் விபத்துச் சேவைப் பிரிவில் பல ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். எந்த வைத்தியசாலை என்பது தேவையில்லை.

உலகம் முழுவதிலும் 5 வயதுக்கும் 29 வயதுக்கும் இடைப்பட்டோரின் இறப்புக்கு முதற்காரணம் வீதி விபத்துத்தான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எங்கள் நாட்டில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீதியில் இறக்கிறார்கள். ஆனால் இறந்தவர்களை மட்டும் எண்ணினால் நான் காண்பதில் பாதிதான் தெரியும். தலையில் அடிபட்டுப் பிழைத்த பிள்ளை வீட்டுக்குப் போகிறது. அம்மாவுக்கு மகன் திரும்பக் கிடைத்துவிட்டான் என்ற மகிழ்ச்சி. மூன்று மாதம் கழித்து மருத்துவ ஆலோசனைக்கு வரும்போது அந்த அம்மா என்னைத் தனியே அழைத்து, "இவன் என்ர பிள்ளை மாதிரி இல்லை, தங்கச்சி" என்பார். முன்பு சாந்தமாக இருந்தவன் சின்ன விடயத்துக்கும் கத்துகிறான். காலையில் சாப்பிட்டது மதியம் நினைவில்லை. புத்தகத்தில் ஒரு பக்கம் தொடர்ந்து வாசிக்க முடியவில்லை. இவை எந்தச் செய்தியிலும் வருவதில்லை.

தலைக்கவசம் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதன் நாடாவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், தலைக்கவசம் அணிந்தவருக்கு மரண ஆபத்து 42 சதவீதமும் தலைக்காய ஆபத்து 69 சதவீதமும் குறைகின்றன என்று கண்டிருக்கிறார்கள். ஆனால் நாடா பூட்டாத தலைக்கவசம் முதல் மோதலிலேயே கழன்று போய்விடுகிறது. தலை வீதியில் படும்போது கவசம் பத்து மீற்றர் தள்ளிக் கிடக்கும். நாடாவுக்கும் நாடிக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை, வெளியே வெடிப்புத் தெரியாவிட்டாலும், மாற்றிவிடுங்கள். உள்ளிருக்கும் நுரைப்பகுதி தலைக்குப் பதிலாக நசுங்குவதற்காக வைக்கப்பட்டது, அது ஒரு தடவைதான் நசுங்கும். எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தரச்சின்னம் உள்ளதை, முகத்தையும் நாடியையும் மூடுவதை வாங்குங்கள். தாடை உடைந்து வரும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

விபத்தைக் கண்டால் ஓட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு வருவதுதான் எங்கள் ஊர் வழக்கம். அன்பினால் செய்வதுதான். ஆனால் கழுத்தெலும்பு உடைந்தவரை அப்படித் தூக்கினால், நடக்கக்கூடியவர் நடக்க முடியாதவராகலாம். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். 2018இலிருந்து வடக்கிலும் அந்தச் சேவை இருக்கிறது, கட்டணம் இல்லை. அந்த இலக்கத்தையும், அழைக்கும்போது தான் நிற்கும் சந்தியின் பெயரைத் தெளிவாகச் சொல்வதையும் பிள்ளைக்குப் பழக்குங்கள்.

மானிப்பாய் அம்மா எழுதியது:

ஆண்பிள்ளைகளைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறீர்கள். என் மகள் ஸ்கூட்டியில்தான் வேலைப் பயிற்சிக்குச் செல்கிறாள். முதல் வாரமே அவளுடைய சால்வை பின்சில்லில் சிக்கியது. நல்வேளை, அப்போது ஒழுங்கையில் மெதுவாக வந்துகொண்டிருந்தாள். இப்போது சால்வையைக் குறுக்கே கட்டி, முடிச்சை முன்பக்கம் வைத்துவிட்டுத்தான் ஏறுவாள். பின்னால் ஏறும் தோழியின் சால்வையையும் அவளே பார்த்துக் கட்டிவிடுவாள். தாதித் தங்கச்சி சொன்ன நாடாவை இன்று மாலை சரிபார்த்தோம். மூன்று விரல் நுழைந்தது.

வல்லைவெளி 19 எழுதியது:

வணக்கம். எனக்கு 19 வயது. ஓட்டத் தொடங்கி ஒன்றரை ஆண்டுகள். பெரியவர்கள் பேசும் இடத்தில் எழுதத் தயங்கினேன். ஆனால் எங்கள் வயதுக்காரர் யாரும் எழுதாததால் எழுதுகிறேன்.

நான் தனியாக ஓட்டும்போதும் நண்பர்களுடன் ஓட்டும்போதும் ஒரே ஆள் அல்லன். இதை ஒப்புக்கொள்வது கடினம். வல்லை வெளியைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்: அச்சுவேலிப் பக்கத்திலிருந்து வெளிக்கு ஏறியதும் வீடில்லை, மதிலில்லை, ஒழுங்கையில்லை, காற்று மட்டும். அங்கே பின்னால் இருப்பவன் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அவன் இருப்பதே போதும், கை தானாகத் திருகும். சென்ற ஆண்டு மாலை மங்கும் நேரத்தில் நாங்கள் மூவர் ஒரு மோட்டார் சைக்கிளில், இன்னும் இருவர் மற்றொன்றில், நெல்லியடி நோக்கிப் போட்டிக்குப் போனோம். வைக்கோல் ஏற்றிய லான்ட்மாஸ்ரர் ஒன்று விளக்கில்லாமல் முன்னால் போய்க்கொண்டிருந்தது. நான் அதைக் கண்டது வைக்கோலின் நிறத்தால்தான். வலப்பக்கம் வெட்டித் தப்பினேன். எதிரே அந்தக் கணத்தில் வாகனம் எதுவும் வரவில்லை. நான் செய்த திறமை அதில் ஒன்றுமில்லை. பின்னாலிருந்த இருவரும் கைதட்டிச் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து நான் அன்றிரவு சாப்பிடவில்லை.

அப்பாவிடம் மூன்று நாள் கழித்துச் சொன்னேன். அவர் ஏசுவார், சாவியைப் பறிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாளைக்கு நான் பின்னால இருக்கிறன், நீ ஓட்டு" என்றார். அப்படி இரண்டு மாதம் பின்னிருக்கையில் வந்தார். பெரும்பாலும் ஒன்றும் பேசமாட்டார். நான் முந்தப் போகும்போது மட்டும் முதுகில் ஒரு விரலால் தட்டுவார். இன்றும் யாரையாவது முந்த நினைத்தால் அந்த இடம் எனக்குத் தெரிகிறது.

பெரியவர்களிடம் மரியாதையுடன் ஒன்றைக் கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை கோவிலுக்கு வேட்டியுடன், தலைக்கவசம் இல்லாமல், அம்மாவைப் பின்னாலும் தங்கையை முன்னாலும் வைத்துக்கொண்டு போகும் அப்பாக்களை நாங்கள் சிறுவயதிலிருந்தே பார்த்து வளர்ந்தோம். "கிட்டத்தானே" என்பதை எங்களுக்குச் சொல்லித் தந்தது யார்?

சாவகச்சேரித் தந்தை எழுதியது:

தம்பி, உங்கள் கடைசிக் கேள்வி எனக்கும் உரியது. நான் சந்தைக்குப் போகும்போது கவசம் அணிவதில்லை, இன்றிலிருந்து அணிவேன். 21 வயது என்று நான் சொன்னதை இன்னும் முழுமையாகக் கைவிடவில்லை. ஆனால் உங்கள் அப்பா செய்ததை நான் செய்திருப்பேனா என்று யோசிக்கிறேன். நான் சாவியைப் பறித்திருப்பேன். அதன் பிறகு என் பிள்ளை அடுத்த தடவை என்னிடம் எதையும் சொல்லியிருக்கமாட்டான்.

புகையிரதக் கடவை பற்றி யாரும் எழுதவில்லை. 1990இல் நின்ற புகையிரதம் 2014 ஒக்ரோபரில்தான் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியது. காங்கேசன்துறைக்கு 2015 ஜனவரியில். இடையில் ஒரு முழுத் தலைமுறை தண்டவாளமே இல்லாத ஊரில் வளர்ந்தது. கடவையில் நின்று இருபக்கமும் பார்க்கும் பழக்கம் பெற்றோருக்கே விட்டுப்போன பின் பிள்ளைகளுக்கு எங்கிருந்து வரும்? கோண்டாவிலில் இருப்பவருக்கு இது வாசற்படிப் பிரச்சினை.

ஸ்காபரோ அண்ணன் எழுதியது:

வணக்கம் உறவுகளே. பணம் அனுப்பும் பக்கத்திலிருந்து ஒருவன் பேச வேண்டும் என்று நினைத்தேன். இங்கு என் மகள் 16 வயதில் ஓட்டத் தொடங்கினாள். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் முதலில் எழுத்துப் பரீட்சையில் தேறினால் ஜீ-1 என்ற தொடக்க அனுமதி கிடைக்கும். அந்த நிலையில் குறைந்தது நான்கு ஆண்டு அனுபவமுள்ள சாரதி பக்கத்தில் இருக்க வேண்டும். நள்ளிரவிலிருந்து அதிகாலை 5 மணிவரை ஓட்டக்கூடாது. 400 இலக்கப் பெருஞ்சாலைகளில் ஏறக்கூடாது. இரத்தத்தில் மதுவின் அளவு பூச்சியமாக இருக்க வேண்டும். வீதிப் பரீட்சையில் தேறியபின் ஜீ-2 என்ற அடுத்த அனுமதி. அப்போதும் 19 வயதும் அதற்குக் குறைந்தவர்களும் முதல் ஆறு மாதம் நள்ளிரவுக்குப் பின் தம் வயதுக்காரர் ஒருவரைத்தான் ஏற்றலாம். அதன்பின் இன்னொரு பரீட்சை. அதிலும் தேறினால்தான் முழு அனுமதி. இவ்வாறு படிப்படியாக விடுவதை முதலில் நாட்டளவில் செய்தவர்கள் நியூசிலாந்துக்காரர்கள், 1987இல். இரவு, தோழர் கூட்டம், மது என்ற மூன்றையும் முதல் ஆண்டில் பிள்ளையிடமிருந்து விலக்கி வைப்பதுதான் இதன் சாரம். வல்லைவெளித் தம்பி தன் வாயால் சொன்னதும் அதுதான்.

இலங்கையில் 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் வரை சட்டம் அனுமதிக்கிறது. வயது 18 ஆனாலும் 50 ஆனாலும் ஒரே அளவு. சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. குடும்பத்தின் சட்டத்தை இன்றே மாற்றலாம். இதை நான் வெளிநாட்டுப் பெருமைக்காகச் சொல்லவில்லை. என் பிள்ளையை இங்கு இரண்டு ஆண்டு படிப்படியாக ஓட்டவிட்ட நான், ஊரிலிருக்கும் தம்பியின் மகனுக்கு ஒரே நாளில் 150 சீசீ வாங்கப் பணம் அனுப்பியவன். அவன் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்தான் என்ற மகிழ்ச்சியில் அனுப்பினேன். அவன் இப்போது நலமாக இருக்கிறான். ஆனால் முழங்காலில் ஆணி வைத்துத்தான் நடக்கிறான். பரிசு அனுப்பும்போது தலைக்கவசத்துக்கும் பயிற்சிக்கும் சேர்த்து அனுப்ப எனக்குத் தோன்றவில்லை.

மருமகனுடைய பெரியப்பாவிடம் பேசுங்கள். வாக்கு மாறுவதாக அவர் நினைக்கத் தேவையில்லை. 150ஐ ஓராண்டு தள்ளிவைத்தாலே போதும்.

கோண்டாவில் மாமா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். வல்லைவெளித் தம்பி எழுதியதை மருமகனே இரண்டு தடவை வாசித்தான். பயிற்றுநர் ஐயா, ஓராண்டை எப்படிப் பிரிப்பது என்று சொல்வீர்களா? நான் பின்னால் ஏறி இருக்க ஆயத்தம். ஆனால் எதை முதலில் பழக்குவது என்று தெரியவில்லை.

சுன்னாகம் பயிற்றுநர் எழுதியது:

முதலில் பிரேக். ஓட்டுவதற்கு முன் நிற்கப் பழக வேண்டும். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் சைக்கிள் ஓட்டிய நாளிலிருந்து "முன் பிரேக்கைப் பிடித்தால் தலைகீழாக விழுவாய்" என்று கேட்டு வளர்ந்தவர்கள். ஆகவே ஆபத்தில் பின் பிரேக்கை மட்டும் மிதிக்கிறார்கள். பின்சில்லு பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் சறுக்குகிறது. உண்மையில் பிரேக் பிடிக்கும்போது பாரத்தின் பெரும்பகுதி முன்சில்லுக்கு வருகிறது. வாகனத்தை நிறுத்தும் வலு பெரும்பங்கு முன் பிரேக்கிலேயே இருக்கிறது. அதைச் சடுதியாக இழுக்கக்கூடாது, பழம் பிழிவதுபோல் படிப்படியாக அழுத்த வேண்டும். கைபிடி நேராக இருக்க வேண்டும். ஞாயிறு காலை வெறுமையான மைதானத்தின் ஓரத் தார்ப்பாதையில், 20இல் தொடங்கி 30, 40 என்று, ஒரு கல்லை அடையாளம் வைத்து நிற்கச் சொல்லுங்கள். நூறு தடவை நிற்கட்டும். ஏ.பி.எஸ். உள்ள வாகனம் வாங்க முடிந்தால் வாங்குங்கள். அதன் பணி சில்லு பூட்டாமல் காப்பது மட்டுமே, நிற்க இடம் போதாவிட்டால் அது இடத்தை உண்டாக்கித் தராது என்பதையும் அவனுக்குச் சொல்லுங்கள்.

அதன் பிறகு முதல் இரண்டு மாதம் பகல் வெளிச்சம், அறிந்த வீதிகள், நீங்கள் பின்னால். இடையில் ஒரு கிழமை அவன் பின்னால் இருக்கட்டும், நீங்கள் ஓட்டுங்கள்; ஓட்டும்போது நீங்கள் காண்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போங்கள்: "மதில் முடிகிறது, சில்லு தெரியுதா பார்க்கிறேன்; பஸ் நின்றிருக்கிறது, முன்னால் ஆள் கடக்கலாம்; நாய் அந்தப் பக்கம் பார்க்கிறது." அனுபவம் உள்ளவர் எங்கே பார்க்கிறார் என்பது பிள்ளைக்குத் தெரியாது. நாங்கள் சொல்லாவிட்டால் தெரியவும் வராது. பிறகு அவன் ஓட்டும்போது அவன் சொல்லட்டும். இந்த ஒன்றைத்தான் நான் எல்லாப் பெற்றோரிடமும் கெஞ்சிக் கேட்பது. செய்பவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை.

பின்னர் தனியாக, பகலில். அதன்பின் மழையில், உங்களோடு. அதன்பின் இரவில், உங்களோடு. நண்பனைப் பின்னால் ஏற்றுவது கடைசி. ஆறு மாதத்துக்கு முன் வேண்டாம். பின்னால் ஒருவர் இருந்தால் திரும்பும் விதமும் நிற்கும் தூரமும் மாறுகின்றன, அதுவும் தனிப் பழக்கம். புகையிரதக் கடவையில் கதவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலை ஊன்றி, காதிலிருப்பதைக் கழற்றி, இருபக்கமும் பார்க்க வேண்டும். ஒரு புகையிரதம் போனவுடன் கடக்கத் தொடங்கக்கூடாது. மறைப்பு விலகும்வரை நிற்கட்டும்.

கார் பழகும் பிள்ளைகளுக்கும் இதே ஒழுங்குதான். கூடுதலாக, பின்னிருக்கையில் இருப்பவரும் இருக்கைப் பட்டி பூட்டும்வரை இயந்திரத்தை இயக்காதிருக்கப் பழக்குங்கள்.

கோண்டாவில் மாமா எழுதியது:

ஐந்து கிழமை கழித்து எழுதுகிறேன். ட்ரயலில் மருமகன் தேறிவிட்டான். பெரியப்பாவுடன் பேசினோம், ஸ்காபரோ அண்ணன் எழுதியதை வாசித்துவிட்டு அவரே, "சின்னதாக வாங்குங்கோ, மிச்சத்தில நல்ல ஹெல்மெற் இரண்டு வாங்குங்கோ" என்றார். 110 சீசீ ஒன்று வாங்கினோம். இரண்டாவது கவசம் எனக்கு.

இதுவரை நான்கு ஞாயிறு மைதானத்தில் பிரேக் பழகினான். முதல் நாள் கல்லைத் தாண்டி நின்றவன், நேற்றுக் கல்லுக்கு ஒரு முழம் முன்னால் நின்றான். கோப்பாய்ப் பக்கம் செம்மண் சேற்றில் ஒருமுறை சறுக்கி இருவரும் விழுந்தோம். வேகம் 15 இருக்கும். என் முழங்கை மட்டும் உரசியது. அன்று முழுவதும் அவன் பேசவில்லை. மறுநாள் தானே போய் ரயரின் காற்றைப் பார்த்துவிட்டு வந்தான். காண்பதை வாய்விட்டுச் சொல்வது தொடக்கத்தில் அவனுக்கு வெட்கமாக இருந்தது. இப்போது நான் காணாததையும் சொல்கிறான். மருதனார்மடத்துக்கு அருகே நிறுத்தியிருந்த காரின் கதவு திறக்கப் போகிறது என்றான். கண்ணாடியில் சாரதியின் கை அசைந்ததைக் கண்டிருக்கிறான். எனக்கு அது தெரியவே இல்லை.

எழுதி ஒப்பமிட்ட உடன்பாடு ஒன்றும் செய்துகொண்டோம். அதில் அவன் சேர்த்த வரி ஒன்று உண்டு: எந்த நேரமானாலும், எந்த நிலையிலிருந்தாலும், ஓட்டும் நிலையில் தான் இல்லையென்று அழைத்தால் நான் கேள்வி கேட்காமல் வந்து ஏற்ற வேண்டும். ஒப்பமிட்டேன்.

பகல், மழைப் படிகள் முடிந்ததும் இரவு ஓட்டம் தொடங்குவோம். எதிரே வரும் வாகனங்களின் பெரிய விளக்கு கண்ணில் அடிக்கும்போது என்ன செய்வது என்று கேட்கிறான். நானே இத்தனை ஆண்டுகளாகக் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் ஓட்டுகிறேன்.

சுன்னாகம் பயிற்றுநர் எழுதியது:

கண்ணைச் சுருக்க வேண்டாம், எதிர் விளக்கைப் பார்க்கவும் வேண்டாம். பார்வையை இடப்பக்கம் வீதியோர வெள்ளைக் கோட்டுக்குத் தாழ்த்தி, அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். அதே நேரம் வேகத்தைக் குறைக்க வேண்டும். வாகனம் கடந்த பின்பும் சில செக்கன் கண் தெளியாது, லான்ட்மாஸ்ரர் இருப்பது அந்தச் செக்கன்களில்தான். ஆகவே கடந்தவுடன் வேகத்தைக் கூட்டக்கூடாது. பழிக்குப் பழியாகத் தன் பெரிய விளக்கைப் போடக்கூடாது. முதல் இரவுக்கு வீதி விளக்கு உள்ள பலாலி வீதிப் பகுதியை எடுங்கள். இருட்டு வீதி இரண்டாம் கிழமை. புறப்படுமுன் தலைக்கவசத்தின் முகக் கண்ணாடியைத் தண்ணீரால் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றித் துடையுங்கள், தேய்க்க வேண்டாம். கீறல் விழுந்த கண்ணாடியில் ஒரு விளக்கு பத்து விளக்காகத் தெரியும்.